தோட்டத்தின் சின்னம், பெயர்ப்பலகைப் பணி: நிறைவு அறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பொதுக்குழு எங்களிடம் ஒப்படைத்த பணி முடிந்தது. சின்னம், எழுத்து, வாசல் பலகை, பாத்திப் பலகைகள் எல்லாம் தயார். வரவு செலவுக் கணக்கு ரசீதுகளோடு கருவிக் கொட்டகையில் இருக்கிறது. யாரும் புரட்டிப் பார்க்கலாம். எதை ஏன் இப்படிச் செய்தோம் என்பதை மட்டும் இங்கே சொல்கிறோம்.

வாசலில் இருந்த பழைய ஃபிளெக்ஸ் நினைவிருக்கும். தக்காளியும் செம்பருத்தியும் ஒரே சென்னைக் கோடையில் நீலம் பாரித்துப் போயின. அச்சு மையில் மஞ்சளும் மஜெந்தாவும்தான் வெயிலுக்கு முதலில் வெளிறும், நீலம் தங்கிவிடும். வேறு கடையில் அடித்திருந்தாலும் கதி அதுதான். எனவே இம்முறை தகரத்தில் எனாமல் பெயின்ட். வெள்ளைப் பின்னணி, கரும்பச்சை எழுத்து, வேறு வண்ணம் கிடையாது. மங்கினால் நாமே மேலே ஒரு கோட் அடித்துக்கொள்ளலாம்.

சின்னத்துக்கு வந்த யோசனைகளில் பெரும்பாலானவை இரு கைகள் ஏந்திய நாற்று. அழகுதான். ஆனால் உரக்கடையிலிருந்து வங்கி விளம்பரம் வரை அதே கைகள். தெருவில் போகிறவர்களுக்கு நம் தோட்டம் என்றால் வேலியில் தொங்கும் அவரை. ஆகவே ஓர் அவரைக்காய், உள்ளே நான்கு விதை.

காயின் கோடு இரண்டு இடத்தில் விட்டுப்போயிருக்கிறதே என்று பலர் கேட்டார்கள். வேண்டுமென்றே விட்டதுதான். ஸ்டென்சில், அதாவது மேலே வைத்துப் பெயின்ட் அடிப்பதற்கான அச்சுத்தாள், வெட்டும்போது மூடிய கோட்டுக்கு உள்ளே இருக்கும் பகுதி கழன்று விழுந்துவிடும். அதைப் பிடித்து நிறுத்தவே அந்த இடைவெளி. தமிழ் எழுத்தில் இந்தத் தொல்லை அதிகம். 'தோட்டம்' என்பதில் டகரம் சமர்த்து, அதில் மூடிய சுழி இல்லை. இரட்டைச்சுழிக் கொம்பும் மகரமும் பாடாய்ப் படுத்தின. எக் டைப் என்ற எழுத்துரு நிறுவனம் உருவாக்கிய முக்த மலர் எழுத்துருவை எடுத்துக்கொண்டோம். அது திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, வெட்டித் திருத்தவும் தடையில்லை. ஸ்டென்சில் வெட்டியது உறுப்பினர்கள் கொடுத்த பழைய எக்ஸ்ரே ஃபிலிமில். வாசல் பலகையின் முதல் எழுத்து யாரோ ஒருவரின் முழங்கால்.

பாத்திப் பலகைகளில் தமிழ்ப் பெயருக்குக் கீழே தாவரவியல் பெயரும் உண்டு. இது ஆடம்பரம் என்று குழுவிலேயே ஒரு கருத்து இருந்தது. ஆனால் சந்தையில் சிவப்புப் பொன்னாங்கண்ணி என்று விற்பது வேறு செடி, நம் பாத்தியில் இருக்கும் நாட்டுப் பொன்னாங்கண்ணி வேறு செடி. 'ஆல்டர்னாந்தெரா செசிலிஸ்' என்று எழுதிவிட்டால் விதை மாற்றிக்கொள்ளும்போது குழப்பமில்லை.

நோட்டீஸ் அடிப்பவர்கள் சின்னத்தின் கோப்பைக் குழுவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளவும். இழுத்து நீட்ட வேண்டாம், அவரை முருங்கையாகிவிடும். ஸ்டென்சிலைப் பயன்படுத்தியதும் துடைத்து, மடிக்காமல் வைக்கவும்.

ஐப்பசி அடைமழைக்கு முன் கிழக்கு வேலிப் பலகைக்கு இரண்டாம் கோட் அடிக்க வேண்டும். ஞாயிறு காலை வரக்கூடியவர்கள் பெயர் கொடுக்கவும். தூரிகைகள் இருக்கின்றன, டர்பன்டைன் தீர்ந்துவிட்டது.

இப்படிக்கு,
பணிக்குழு