‘சங்கு’ என்னும் சொல்லுக்குத் தங்கள் அகராதிச் செயலி தரும் பிழையான விளக்கம் குறித்த புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

ஆண்டுச் சந்தா செலுத்தித் தங்கள் அகராதிச் செயலியைப் பயன்படுத்தி வருகிறேன். அதில் ‘சங்கு’ என்ற சொல்லுக்கு, ‘காங்க் என்னும் ஆங்கிலச் சொல்லின் தமிழ் வடிவம்’ என்று வேர் காட்டப்பட்டுள்ளது. இப்பிழையைச் செயலி வழியே தெரிவித்தபோது நன்றி கூறும் தானியங்கி மறுமொழி மட்டுமே வந்ததால், இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஆங்கிலேயர் நம் கரைக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஆண்டாள் ‘வெண்சங்கே’ என்று விளித்துப் பாடியிருக்க, அச்சொல் ஆங்கிலத்திலிருந்து எவ்வாறு வந்திருக்க முடியும்? சங்கு என்பது வடமொழியின் ‘சங்க’ என்பதோடு தொடர்புடையது. ‘காங்க்’ என்பதோ ‘கொங்கே’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து இலத்தீன் வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. அந்தக் கிரேக்கச் சொல்லும் வடமொழிச் சொல்லும் உறவுடையவை என்று மொழியியலாளர் பலர் கருதினாலும், ஒன்று மற்றொன்றின் பிள்ளையாகிவிடாது. மாறாக, மன்னார் வளைகுடாவில் எடுக்கப்படும் இதே சங்கைக் குறிக்க ஆங்கிலம்தான் ‘சாங்க்’ என்ற சொல்லை இந்திய மொழிகளிலிருந்து பெற்றது. தங்கள் செயலி கடன் கொடுத்தவரையே கடனாளி ஆக்கியிருக்கிறது.

இணைச்சொற்களில் ‘வளை’ இல்லாததும் பெருங்குறையே. சங்கையும், அதை அறுத்துச் செய்த கைவளையையும் சங்கப் பாடல்கள் அந்த ஒரே சொல்லால் சுட்டுகின்றன. சங்கறுக்கும் தொழிலை அகநானூற்றின் 24ஆம் பாடலிலேயே காணலாம்.

‘வலம்புரி’க்கு ‘டெக்ஸ்ட்ரல்’ (வலச்சுருள் உடையது) என்று ஆங்கில நிகர் தந்திருப்பது பொருளையே தலைகீழாக்குகிறது. உயிரியலார் ஓட்டின் சுருள்முனையை மேலே வைத்துப் பார்ப்பர். அவ்வாறு பார்க்கையில் வலம்புரியின் வாய் இடப்புறம் அமைவதால், அவர்களுக்கு அது ‘சினிஸ்ட்ரல்’ (இடச்சுருள் உடையது). நம் மரபு அம்முனையைக் கீழே வைத்துப் பார்ப்பதால்தான் அது வலம்புரியாகிறது. போதாக்குறைக்கு, அச்சொல்லுக்கு அருகே உள்ள படம் இயல்பாகவே இடப்புறம் வாய் திறக்கும் ஓர் அமெரிக்கக் கடல் நத்தையுடையது. அதை வலம்புரி என்று சொல்லி விற்கும் வணிகர்களுக்கு இப்படம் சான்றாகிவிடக் கூடும்.

ஆகவே, வேர், இணைச்சொல், நிகர்ச்சொல், படம் ஆகியவற்றைச் சொல்லறிஞர் ஒருவரின் பார்வைக்கு அனுப்பித் திருத்தி, அத்திருத்தம் வெளியாகும் நாளை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அது இயலாதெனில், எஞ்சிய காலத்துக்கான சந்தாத் தொகையைத் திருப்பித் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சந்தாதாரர்