தடம் மாறிய திமிங்கலங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

குளிர்காலத்தில் அமெரிக்காவின் ஃபுளோரிடா, ஜார்ஜியா கரையோரம் குட்டி ஈன்று, கோடையில் அந்நாட்டின் வடகிழக்கே உள்ள மேய்ன் வளைகுடாவில் இரை தேடிவந்த வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலங்களில் பல, அக்கடல் சூடேறி அவற்றின் உணவான கலானஸ் என்னும் மிதவை உயிரிகள் குறைந்துபோனதால், 2010க்குப் பின் கனடாவின் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவுக்கு வலசைத் தடத்தை மாற்றிக்கொண்டன. அங்கே கப்பல்களின் வேகத்துக்கு அப்போது போதிய கட்டுப்பாடு இல்லை. திமிங்கலங்கள் சிக்கிக்கொள்ளும் நண்டுக் கூண்டுகளின் கயிறுகளும் நிறைந்திருந்தன. 2017இல் கனடாக் கடலில் மட்டும் 12 திமிங்கலங்கள் மாண்டன. உலகில் எஞ்சியிருப்பவையே 400க்கும் குறைவு என்னும்போது இது தாங்கவொண்ணாத இழப்பு. இந்த இறப்புகள் தொடங்கிய பின்னரே, கப்பல்களுக்கு மணிக்கு 10 கடல் மைல் என்ற வேக வரம்பு வந்தது. பாதுகாப்பு எல்லைகளை ஒருமுறை வரைந்து விட்டுவிடாமல், கடல் வெப்பத்தையும் இரையின் நகர்வையும் கண்காணித்து, திமிங்கலங்கள் சென்றடையும் முன்பே அரசுகள் அந்த எல்லைகளை மாற்றியமைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்