ஏற்காட்டிலேயே மாதம் ஒரு நாள் சட்ட உதவி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காடு மலைக் கிராமப் பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியை நான். மனு எழுதவும் விண்ணப்பம் நிரப்பவும் இன்றும் பலர் வீடு தேடி வருகிறார்கள்.

காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் ஒரு பெண், மகனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் விண்ணப்பத்தோடு அண்மையில் வந்திருந்தார். தந்தை பெயரை எழுதும் இடம் வந்ததும், மஞ்சப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். இருபது ரூபாய் முத்திரைத்தாள். கீழே இரண்டு கைநாட்டு, ஒரு நோட்டரி முத்திரை. மடிப்பில் கிழிந்த இடமெல்லாம் டேப் ஒட்டியிருந்தது. "அத்துவிட்டு ஏழு வருசம் ஆச்சுங்க டீச்சர்" என்றார். அதை நம்பி மறுமணம் செய்துகொண்டு பெற்ற பிள்ளைதான் இந்த மகன்.

அவருக்கு இந்து திருமணச் சட்டம் பொருந்தும் என்பதால், நீதிமன்றத் தீர்ப்பில்லாத அந்தத் தாள் விவாகரத்து ஆகாது. முதல் திருமணம் சட்டப்படி அப்படியே நிற்கிறது. திருமணம் நிலவும் காலத்தில் பிறந்த குழந்தைக்குக் கணவரே தந்தை என்று சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு கொண்டிருந்ததை, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்தின் 116-ஆம் பிரிவும் அப்படியே கொள்கிறது. அதனால் சட்டத்தின் கண்ணில் முதல் கணவரே இந்த மகனுக்குத் தந்தை. அவரும் இந்தப் பெண்ணும் அக்காலத்தில் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லாதிருந்தது என்று மெய்ப்பித்தால்தான் அது மாறும். மரபணுச் சோதனை செய்தால் முடிந்துவிடும் என்கிறார்கள். கேட்டவுடன் அதற்கு உத்தரவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1993-லேயே கூறிவிட்டது. ஏழாண்டுகளுக்கு முன் சரியான ஆலோசனை ஒன்று கிடைத்திருந்தால், பெற்ற தகப்பன் பெயரை எழுத இந்தத் தாய் இன்று தயங்க வேண்டியிருக்காது.

இந்த மலையில் வாழும் மலையாளி என்ற பழங்குடியினரின் நிலை வேறு. மத்திய அரசு தனியே அறிவித்தாலன்றி, இந்து திருமணச் சட்டமும் 1956-ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டமும் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தா. ஊர்ப் பெரியவர்கள் முன் வழக்கப்படி தீர்த்துக்கொண்டது செல்லக்கூடும். தகராறு எழுந்தால் அந்த வழக்கத்தை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டும். இந்த வேறுபாட்டை அறிந்த வழக்கறிஞர் துணையில்லாமல் அவர்கள் எங்கே போவார்கள்?

தத்து விஷயத்திலும் இதே முத்திரைத்தாள்தான். பெண் சிசுக்களைக் காக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது நம் சேலத்தில்தான். அந்த மாவட்டத்திலேயே பிள்ளையை 'எழுதிக் கொடுக்கும்' பேச்சைக் கேட்க மனம் பதைக்கிறது. பணம் கைமாறினால் ஐந்தாண்டு வரை சிறை என்பதும், ஆதரவற்ற குழந்தைகளுக்கான தத்து ஆணையை 2022 முதல் மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார் என்பதும் இங்கே பலருக்குத் தெரியாது.

சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987-இன் 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பழங்குடியினருக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச வழக்கறிஞர் உண்டு. நீதிமன்றக் கட்டணமும் அவர்கள் கட்ட வேண்டியதில்லை. 15100 என்ற எண்ணில் அழைத்து உதவி கேட்கலாம். ஆனால் நேரில் பேசிக் காகிதத்தைக் காட்ட வேண்டுமென்றால், இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகம் வரை போக வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும். அடுத்த வாய்தாவுக்கு இன்னொரு நாள். இடையில் புகும் தரகர் ஐந்நூறு ரூபாயில் முத்திரைத்தாளை முடித்துக் கொடுக்கிறார்.

ஆகவே, சேலம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு மாதம் ஒரு சந்தை நாளில் ஏற்காட்டிலேயே குடும்ப வழக்குகளுக்கென ஒரு வழக்கறிஞரை அமர்த்துமாறும், மலைக் கிராமப் பெண்கள் சிலருக்குச் சட்டத் தன்னார்வலர் பயிற்சி அளிக்குமாறும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். முதல் நாளன்று அந்தத் தாயை நானே கைபிடித்து அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.