ரூஃப் பொக்ஸ் வாங்க முதல் காரின் கையேட்டைத் திறவுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு காம்பிங் போவதைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வீட்டில் எல்லோரும் வாசித்தோம். எங்கள் சனம் பூங்காக்களுக்குப் போய் இறைச்சி சுட்டுச் சாப்பிட்டுவிட்டு மாலையில் திரும்பி வராமல், ஓர் இரவாவது கூடாரத்தில் தங்க வேண்டும் என்று எழுதியதற்கு நன்றி. ஆனால் காரில் சாமான் கொள்ளாதவர்கள் மேலே ஒரு ரூஃப் பொக்ஸ், அதாவது கூரையில் பூட்டுகிற சாமான் பெட்டி, பூட்டிக்கொள்ளலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அதை வாசித்த யாராவது அடுத்த சனிக்கிழமையே கடைக்குப் போய், இருப்பதில் பெரியதை வாங்கி வந்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. ஏனென்றால் நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

நான் டொரொன்டோவின் ஸ்காபரோவில் 14 வருடமாகப் பாடசாலை பஸ் ஓட்டுகிறேன். வீட்டில் நாங்கள் 5 பேர்: நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமி. ஒவ்வொரு ஓகஸ்ட்டும் அல்கொன்குவின் பூங்காவுக்குப் போவோம். இங்கிருந்து 400ஆம் நெடுஞ்சாலை, பிறகு 11, ஹன்ட்ஸ்வில்லில் திரும்பி 60 என்று மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓட வேண்டும். மாமிக்கு 71 வயது. நிலத்தில் படுக்க மாட்டார், அவருக்கு மடிக்கிற கட்டில் வேண்டும். பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். பின் இருக்கையில் மூன்று பேர் இருந்தால் காலுக்குக் கீழே ஒரு பை வைக்கவும் இடம் கிடையாது.

2019இல் எங்களிடம் பெட்டி இல்லை. கூடாரத்தையும் மெத்தைகளையும் தறப்பாளில் சுற்றி, காரின் கூரையில் வைத்து, நைலோன் கயிற்றை ஜன்னல்களுக்குள்ளால் விட்டுக் கட்டினோம். பாரி நகரம் கழிந்து கொஞ்சத் தூரத்தில் ஒரு பெரிய ட்ரக் எங்களைக் கடந்து போனது. அந்தக் காற்றுக்குத் தறப்பாள் ஊதிக்கொண்டு எழும்பியது. கயிறு இளகிவிட்டது. கூடாரப் பை கழன்று நடு வீதியில் விழுந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் வந்த கார் திடீரென்று பக்கத்துப் பாதைக்குத் திரும்பித் தப்பியது. யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்தக் காரின் பின் இருக்கையில் ஒரு குழந்தை இருக்கை இருந்தது. அது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. சுமையைச் சரியாகக் கட்டாமல் ஓட்டுவது ஒன்ராறியோவில் சட்டப்படி குற்றம். அன்றைக்குத் தண்டப் பணம் கட்டச் சொல்லியிருந்தால் வாய் திறக்காமல் கட்டியிருப்பேன்.

அதனால் ரூஃப் பொக்ஸ் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மூடிப் பூட்டுகிற கெட்டியான பெட்டி கயிற்றுக் கட்டை விட எத்தனையோ மடங்கு நல்லது. எப்படித் தெரிவு செய்வது என்பதில்தான் விஷயம்.

அடுத்த வருடம் ஒரு கடைக்குப் போனோம். விற்பனையாளர் எங்கள் காரின் கூரை ஓரங்களில் நீளமாக ஓடுகிற ரெயில் கம்பிகள் இருப்பதைப் பார்த்துவிட்டு, எல்லாம் பொருந்தும் என்றார். 18 கன அடிப் பெட்டியைக் காட்டினார். 500 லீற்றருக்கு மேல் வரும். மகிழ்ச்சியாக வாங்கிப் பூட்டினோம். வீட்டில் டிக்கியைத் திறந்தால் கதவின் மேல் விளிம்பு பெட்டியின் பின்பக்கத்தில் முட்டி நின்றது. முழுதாகத் திறக்க முடியவில்லை. பெட்டியை முன்னுக்குத் தள்ளினால் மூக்கு முன் கண்ணாடிக்கு மேலே வந்து நிற்கிறது. கடைக்காரர் அதைத் திருப்பி எடுக்கும்போது ஒரு தொகையைக் கழித்துக்கொண்டார்.

அந்த இரவுதான் முதல் தடவையாகக் காரின் கையேட்டை எடுத்தேன். வேலைக்குப் போனால் ஒவ்வொரு நாளும் பஸ்ஸைச் சுற்றி நடந்து டயர், லைட், கதவு எல்லாம் பார்த்துப் படிவத்தில் எழுதிவிட்டுத்தான் இயந்திரத்தை இயக்குவேன். சொந்தக் காரின் கூரை எவ்வளவு தாங்கும் என்று மட்டும் அதுவரை பார்த்ததில்லை. எங்கள் காருக்கு 75 கிலோ என்று இருந்தது. உங்கள் காருக்கு வேறாக இருக்கும், சில கார்களுக்கு இதைவிடக் குறைவு. கையேட்டில் கூரைச் சுமை என்ற தலைப்பில் தேடுங்கள். ரெயில் இருக்கிறது என்பதற்காக அது சுமை தாங்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அழகுக்காக மட்டும் வைத்த ரெயில்களும் உண்டு.

அந்த 75 கிலோ முழுவதும் சாமானுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். பெட்டியைத் தாங்கக் கூரைக்குக் குறுக்காகப் பூட்டுகிற கம்பிகளின் நிறையும் பெட்டியின் நிறையும் அதற்குள்தான் அடக்கம். எங்கள் கம்பிகள் 6 கிலோ, இப்போது இருக்கிற பெட்டி 21 கிலோ. மிச்சம் 48 கிலோ. குளியலறைத் தராசை வரவேற்பறைக்குக் கொண்டு வந்து ஒவ்வொன்றாக நிறுத்தோம். ஸ்லீப்பிங் பேக் ஐந்தும் 7.5 கிலோ. காற்றடிக்கிற பாய் ஐந்தும் 7.5. ஆறு பேருக்கான கூடாரம் 11. தறப்பாளும் தடிகளும் 4. மடிக்கிற நாற்காலி ஐந்தும் 17.5. கூட்டினால் 47.5 கிலோ. பெட்டிக்குள் இன்னும் பாதி இடம் சும்மா கிடந்தது! மாமியின் கட்டிலை மேலே போடலாம் என்று நினைத்திருந்தோம், அது அன்றைக்கே டிக்கிக்கு இறங்கியது.

கடையில் எல்லோரும் கன அடியைப் பற்றித்தான் பேசுவார்கள். பெட்டி நிரம்புவதற்கு எவ்வளவோ முதலே கூரையின் கணக்கு முடிந்துவிடும். அதோடு கம்பிக்கு ஒரு எல்லை, பெட்டிக்கு ஒரு எல்லை என்று தனித்தனியாக எழுதியிருப்பார்கள். காரின் எண்ணில் கம்பியையும் பெட்டியையும், கம்பியின் எண்ணில் பெட்டியையும் கழித்துவிட்டுப் பார்த்தால், மூன்றிலும் எது குறைந்த எண்ணோ அதுதான் சாமானுக்கு உங்கள் எண்.

எங்கள் ஆட்கள் காம்பிங் போகும்போது கொண்டு போகிற சாமானை யோசித்துப் பாருங்கள். அரிசிப் பை, தண்ணீர்ப் போத்தல் கட்டு, இறைச்சி ஊறப்போட்ட கூலர், பெரிய சட்டி, காஸ் சிலிண்டர். இவை ஒன்றுமே மேலே போகக் கூடாதவை. பாரம் மேலே ஏற ஏற வளைவில் கார் சரியும், பக்கக் காற்றுக்கு ஆடும், பிரேக் பிடித்து நிற்கவும் கூடுதல் தூரம் எடுக்கும். கனமானது கீழே, பருமனாக இருந்தும் பாரமில்லாதது மேலே. பெட்டிக்குள்ளும் கொஞ்சம் பாரமானவற்றை இரண்டு கம்பிகளுக்கு நடுவில் வைத்து, முன்னுக்கும் பின்னுக்கும் தலையணை போன்றவற்றை வையுங்கள்.

சாப்பாட்டை மேலே வைக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அல்கொன்குவினில் கருங்கரடி இருக்கிறது. சாப்பாட்டையும் குப்பையையும் வாசனையுள்ள எதையும் பூட்டிய காருக்குள் வையுங்கள் என்பதுதான் பூங்காவின் அறிவுரை. கூரையில் இருப்பது பிளாஸ்டிக் பெட்டி. அதன் பூட்டு மனிதருக்காகச் செய்தது. மாமியின் மிக்சர் டின்னை அதற்குள் விட்டுவிட்டு நித்திரைக்குப் போகக் கூடாது.

அடுத்தது உயரம். இதைத் தொடர்மாடிகளில் இருக்கிற எங்கள் சனத்துக்கு உரத்துச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ்த் தரிப்பிட வாசலில் 6 அடி 6 அங்குலம் என்று எழுதித் தொங்குகிறது. அது 198 சென்ரிமீற்றர். எங்கள் காரின் உயரம் 168. கம்பியும் பெட்டியும் சேர்ந்து 51. மொத்தம் 219. அதாவது பெட்டி பூட்டிய கார் எங்கள் வீட்டுக்குள்ளேயே போகாது. பஸ் ஓட்டுகிறவர்களுக்குத் தங்கள் வாகனத்தின் உயரம் பெயரைப் போல மனப்பாடம். கார் ஓட்டுகிறவர்கள் அந்தப் பழக்கம் இல்லாமல், ஐந்து நாள் காட்டில் இருந்த களைப்போடு ஞாயிறு இரவு வந்து, வழக்கம் போல நேரே உள்ளே இறக்கிவிடுவார்கள். பக்கத்துக் கட்டடத்தில் அப்படி ஒரு பெட்டி மூடியோடு பிளந்து கிடந்ததை நான் பார்த்தேன். நாங்கள் 219 என்று ஒரு சிறு தாளில் எழுதி, வேகம் காட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். பெட்டி ஏறினால் தாளும் ஏறும். சாமான் ஏற்றுவது இறக்குவது எல்லாம் வெளியே விருந்தினர் தரிப்பிடத்தில்தான்.

அப்படியானால் மற்ற மாதங்களில் பெட்டியை எங்கே வைப்பது? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் வாங்காதீர்கள். எங்களுடையது இரண்டு மீற்றருக்கு மேல் நீளம், லிப்ட்டுக்குள் வராது. ஏஜாக்ஸில் தம்பி வீட்டுக் கராஜின் கூரையில் பட்டி போட்டுத் தொங்க விட்டிருக்கிறோம். அந்த வசதி இல்லாதவர்களுக்கு, கூரையில் கட்டுகிற, மடித்து அலமாரிக்குள் வைக்கக்கூடிய துணிப் பை நல்லது. மழைக்குக் கொஞ்சம் கசியும், களவுக்குப் பாதுகாப்புக் குறைவு. ஆனால் விலையும் குறைவு. பெட்டியைச் சும்மா கூரையிலேயே விட்டு வைப்பது காசைக் கரைக்கிற வேலை. பெரிய பெட்டி பூட்டினால் மணிக்கு 105 முதல் 120 கிலோமீற்றர் வேகத்தில் எரிபொருள் சிக்கனம் 10 முதல் 25 சதவீதம் குறையலாம் என்று அமெரிக்க அரசின் எரிபொருள் வழிகாட்டி சொல்கிறது. வேலைக்குப் போய் வருகிற ஒவ்வொரு நாளும் அந்தப் பெற்றோல் எதற்கு?

விலையையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் விசாரித்தபோது புதுப் பெட்டி 900 டொலர், கம்பிகள் 400, வரி 13 சதவீதம் சேர்த்து 1,469 டொலர் வந்தது. கடைசியில் கம்பிகளை மட்டும் புதிதாக எங்கள் காரின் மொடலையும் வருடத்தையும் சொல்லி வாங்கினோம். அதில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள், கூரையோடு பொருந்துகிற இடம் அதுதான். பெட்டியை மார்க்கம் நகரில் ஒரு வீட்டில் 450 டொலருக்குப் பழையதாக எடுத்தோம். 16 கன அடி, இரண்டு பக்கமும் திறக்கும். கடைகளில் அதிகம் காண்பது சுவீடனின் தூலேயும் அமெரிக்காவின் யக்கிமாவும். பெயரைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. மூலைகளில் வெடிப்பு இருக்கிறதா, பிணைச்சல் ஆடுகிறதா, பெட்டியைக் கம்பியோடு இறுக்குகிற பிடிகள் இறுகுகின்றனவா, பூட்டின் திறப்பு (சாவி) இரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்தேன். எங்களுடையதில் ஒரு திறப்புத்தான் இருந்தது. பூட்டில் பொறித்திருந்த எண்ணைச் சொல்லி இன்னொன்று எடுத்தோம். வாங்குவதற்கு முன்பு டிக்கிக் கதவை முழுதாகத் திறந்து பிடித்து, அதன் விளிம்பிலிருந்து முன் கண்ணாடி வரை நாடாவால் அளந்து எழுதிக்கொண்டு போனேன்.

ஏற்றி ஓடத் தொடங்கி இருபது நிமிடத்தில் ஒரு தடவை நிறுத்துங்கள். பிடிகளைக் கையால் ஆட்டிப் பாருங்கள். நாங்கள் ஒவ்வொரு பயணத்திலும் இதைச் செய்கிறோம், பிள்ளைகளே இறங்கிப் பார்த்துவிட்டுச் சொல்வார்கள்.

ஆசிரியரே, உங்கள் மூலம் எங்கள் ஊர்ச் சங்கங்களிடமும் பழைய மாணவர் சங்கங்களிடமும் ஒன்று கேட்கிறேன். கோடையில் நீங்கள் எல்லோரும் ஒன்றுகூடல் வைக்கிறீர்கள். ஒவ்வொரு குடும்பமும் வருடத்தில் ஐந்து நாளுக்காகத் தனித்தனியாக ஒரு பெட்டி வாங்கி, பதினொரு மாதம் அதற்கு இடம் தேடி அலைகிறது. கம்பிதான் காருக்குக் கார் மாறும், பெட்டி பெரும்பாலான கம்பிகளில் பூட்டும். சங்கம் ஒன்று இரண்டு பெட்டிகள் வாங்கி வைத்து, அங்கத்தவர்களுக்கு வாரத்துக்கு இவ்வளவு என்று கொடுத்தால் என்ன? கொடுக்கும்போது காரின் கையேட்டைக் கொண்டு வரச் சொல்லுங்கள். ஒரு தராசும் வையுங்கள். தேவையென்றால், பூட்டிக் காட்டுவதற்கு ஒரு சனிக்கிழமை காலை நானே வந்து நிற்கிறேன்.

ஒன்ராறியோ பூங்காக்களில் இடம் பதிவதை ஐந்து மாதத்துக்கு முன்பே திறந்துவிடுவார்கள். அதனால் ஓகஸ்ட்டுக்குப் போக நினைக்கிறவர்கள் மார்ச்சிலேயே பதிந்துவிட்டிருப்பார்கள். பெட்டியைப் பற்றிய யோசனை ஜூலைக் கடைசியில்தான் வரும். அதற்கு முதல் இந்தக் கடிதத்தைப் போட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு பாடசாலை பஸ் ஓட்டுநர்,
ஸ்காபரோ