கூட்ட அறையில் பெண்களின் குரல்

ஆசிரியர் அவர்களுக்கு,

2025 ஜனவரியில் சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம், பால், திருமண நிலை, கருவுற்றிருத்தல், பராமரிப்புப் பொறுப்பு ஆகியவற்றின் அடிப்படையில் பணியமர்த்துவதிலும் மதிப்பிடுவதிலும் பதவி உயர்விலும் பாகுபாடு காட்டுவதைத் தடுக்க வகைசெய்கிறது; அதை மனமார வரவேற்கிறேன். ஆனால், மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்புவதற்கு வெகுமுன்பே, யார் தலைவராகத் தகுந்தவர் என்பது கூட்ட அறையில் முடிவாகிவிடுகிறது. என் பணியிடத்தில், சரக்குகளை இரவிலேயே பிரித்து வைக்கலாம் என்று பெண் மேற்பார்வையாளர் சொன்னதை எவரும் பொருட்படுத்தவில்லை. சற்று நேரத்தில் ஆண் ஊழியர் ஒருவர் அதையே சொன்னதும், அவருடைய யோசனையாகக் கூட்டக் குறிப்பில் ஏறியது. பெண்கள் உரக்கப் பேசவேண்டும் என்று அறிவுரை கூறுவோர், அப்படிப் பேசுபவருக்கு அனுசரித்துப் போகாதவர் என்ற பெயர் வந்துவிடுவதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். யோசனையை முதலில் முன்வைத்தவரின் பெயரைக் குறிப்பில் பதிவுசெய்வதையும், குறுக்கிடுவோரைத் தடுத்து, பேசுபவரைப் பேசி முடிக்கவிடுவதையும் கூட்டத்தை நடத்துபவரின் கடமையாக நிறுவனங்கள் ஆக்கவேண்டும்.

வாசகி, ஈசூன்