கைவிட்டது யார்?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

கடந்த ஞாயிறு இதழில் புலம்பெயர்ந்த குடும்பங்கள் பற்றிய கட்டுரையில், அங்கே போனதும் தகப்பன் பெயரைக் கைவிட்டு வெள்ளைக்காரரைப் போல் குடும்பப்பெயர் வைத்துக்கொள்கிறார்கள் என்றொரு வசனம். எழுதியவர் கடவுச்சீட்டு விண்ணப்பம் ஒன்றையேனும் நிரப்பிப் பார்த்தாரோ தெரியாது.

எங்களுக்குக் குடும்பப்பெயர் என்றொன்று இல்லை என்பது தாங்கள் அறியாததல்ல. கந்தையா சிவகுமார் என்றால் கந்தையாவின் மகன் சிவகுமார். படிவத்தில் இருப்பதோ இரண்டு பெட்டி: குடும்பப்பெயர், ஏனைய பெயர்கள். முதலாவதில் கந்தையா விழுந்தால் ரொறன்ரோவில் அவர் மிஸ்டர் கந்தையா. மனைவி பிள்ளைகளோ ஊர் வழக்கப்படி சிவகுமார். ஒரே வீட்டில் இரண்டு குடும்பப்பெயர், விமான நிலையத்தில் "இது உங்கள் பிள்ளைதானா?" என்று கேட்பார்கள். எல்லாருக்கும் கந்தையா என்று போட்டால் மனைவி மாமனாரின் பெயரோடு திரியவேண்டும். பெட்டிகளை மாற்றிப்போட்டால் சிவகுமார் பொதுவாகிவிடும், ஆனால் வேலைத்தலத்தில் இருபது வயதுப் பொடியன் "கந்தையா, இஞ்ச வா" என்பான். ஊரில் தகப்பன் பெயரை அப்படிச் சொன்னால் கைகலப்பு. இந்த மூன்றில் ஒன்றைத் தெரிவுசெய்வதற்குத்தான் தங்கள் கட்டுரையாளர் 'கைவிடுதல்' என்று பெயர் வைத்திருக்கிறார். ஜேர்மனியில், வந்தவர்கள் எது முதற்பெயர், எது குடும்பப்பெயர் என்று பதிவகத்தில் அறிவிக்கச் சட்டத்திலேயே இடமுண்டு. அவர்களுக்கு விளங்கியது எங்களுக்கு விளங்கவில்லை.

சிக்கல் அங்கே தொடங்குவதுமில்லை. பழைய பிறப்புச் சான்றிதழ் தமிழில், பதிவாளரின் கிறுக்கல் கையெழுத்தில் இருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டல் பாடசாலையில் ஒன்று, அடையாள அட்டையில் இன்னொன்று. தர்சினியை நாங்கள் 'ரீ எச்' (Th) போட்டு எழுத, நோர்வேயில் அந்த 'எச்' காணாமற்போய்ப் பிள்ளை டார்சினி ஆகிறாள். இது பரவாயில்லை, எழுத்துக்கூட்டல் வேறுபாட்டுக்குச் சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக் கடதாசி பெரும்பாலும் போதும். தகப்பனின் சான்றிதழில் சிவகுமார், பிள்ளையின் சான்றிதழில் சிவகுமாரன் என்று இருந்தால்தான் வில்லங்கம். தகப்பன் பிள்ளை உறவே கேள்விக்குள்ளாகி, வெளிநாட்டில் இருப்பவர் குடும்பத்தைக் கூப்பிடும் குடும்ப இணைவுக் கோப்பு நின்றுவிடும். இதைப் பிரதேச செயலகத்தில் திருத்தி, அதன் பிறகே மொழிபெயர்ப்புக்குக் கொடுக்கவேண்டும். கோப்பு போன பிறகு திருத்தினால் அங்கே சந்தேகம்தான் கூடும்.

முன்பொருமுறை "சொகுசு வாழ்க்கை" என்றும் எழுதினீர்கள். நோர்வேயின் வடகோடியில், பின்மார்க்கில் மீன் வெட்டியதும் சுவிஸில் கோப்பை கழுவியதும் சொகுசுதான், ஒப்புக்கொள்கிறோம். தங்கள் மரண அறிவித்தல் பக்கத்தில் மட்டும் "புங்குடுதீவைப் பிறப்பிடமாகவும் ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கி, தகப்பன் பெயரிலிருந்து பூட்டப்பிள்ளை பெயர்வரை ஒன்றும் தவறுவதில்லை. காசு வாங்கும் பக்கத்தில் யாரும் பெயரைக் கைவிடவில்லையாக்கும்.

வேண்டுவது பெரிதல்ல. அடுத்த ஞாயிறு அந்த இரண்டு பெட்டிகளையும் வரைந்து, மூன்று வகையாக நிரப்பிக் காட்டி ஒரு கால் பக்கம் போடுங்கள். விண்ணப்பிக்கப் போகும் பெடியள் வெட்டி வைத்துக்கொள்வார்கள்.

சென்ற கடிதத்தில் என் முதலெழுத்துகளை முன்பின்னாக அச்சிட்டிருந்தீர்கள். க. என் தகப்பனார்; சி. தான் நான்.

இங்ஙனம்,
க. சி.
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்,
யாழ்ப்பாணம்