ஊலாங் கிரீன் டீ அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இணைப்பிதழில் வந்த தேநீர்க் கட்டுரை, ஊலாங்கைத் 'தைவானின் கிரீன் டீ' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. உடல் இளைக்கும் என்பதைப் பற்றிப் பாதிக் கட்டுரை. மணத்தையும் சுவையையும் பற்றி ஒரு சொல் இல்லை. ஆறு ஆண்டுகளாகத் தைவானின் சிஞ்சு நகரில் வசிக்கும் எனக்கு அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

பறித்த கொழுந்தை உடனே சூடுகாட்டினால் அது கிரீன் டீ. கசக்கி, காற்றில் முழுக்கச் சிவக்க விட்டால் நம் வீடுகளில் போடும் டீத்தூள். ஊலாங் இரண்டுக்கும் நடுவே நிற்பது. இலையை வெயிலில் வாட்டி, மூங்கில் தட்டுகளில் பரப்பி, மணிக்கணக்கில் விட்டுவிட்டுக் குலுக்குவார்கள். ஓரங்கள் அடிபட்டுச் சிவக்கும், நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும். வேண்டிய மணம் வந்ததும் சூட்டில் புரட்டி அதோடு நிறுத்திவிடுவார்கள். எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள், அப்புறம் எவ்வளவு வறுக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தைபேக்குப் பக்கத்தில் பிங்லின் மலைகளில் செய்யும் பாவ்சோங் என்ற ஊலாங் கொஞ்சமாகத்தான் சிவந்திருக்கும். இளமஞ்சள் நிறம், பூ வாசம். நான்டோ மாவட்டத்து லுகுவில் செய்யும் தோங்திங் என்ற ஊலாங்கைத் துணியில் கட்டி உருட்டி, பிறகு வறுப்பார்கள். வறுத்த பருப்பின் வாசம் எழும். அலிஷான், லிஷான் போன்ற உயரமான மலைகளில் குளிரிலும் மூடுபனியிலும் இலை மெதுவாக வளர்வதால் கசப்பு குறைவு. நாவில் வெண்ணெய் போல வழுக்கும். 1981-இல் வெளியிடப்பட்ட ஜின்ஷுவான் என்ற ரகத்துக்கு இயல்பாகவே லேசான பால் மணம் உண்டு. பால் வாசனை தூக்கலாக அடித்தால் செயற்கை மணம் சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

என் மனதுக்கு மிக நெருக்கமானது, சிஞ்சு மாவட்டத்துப் பெய்பு ஊரில் கிடைக்கும் 'தோங்ஃபாங் மெய்ரென்'. கீழைநாட்டு அழகி என்று பொருள். கோடையில் சிறிய பச்சைத் தத்துப்பூச்சிகள் கொழுந்தின் சாற்றை உறிஞ்சும். கடிபட்ட செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பொருள்களே பிறகு தேன் மணமாகவும் பழுத்த பழத்தின் மணமாகவும் மாறுகின்றன. அந்தப் பூச்சி வர வேண்டும் என்றால் மருந்தடிக்க முடியாது. முதன்முறை அங்கே போனபோது ஒரு மூதாட்டி கடிபட்ட கொழுந்தைப் பறித்து என் உள்ளங்கையில் வைத்தார். சுருங்கி, மஞ்சள் பாரித்து இருந்தது. ஆகாதது என்று நான் ஒதுக்கியிருப்பேன். ஒரு விவசாயி இப்படிப்பட்ட இலையை நல்ல விலைக்கு விற்றுவிட்டு வந்து சொன்னபோது யாரும் நம்பாமல் 'பீற்றல் தேநீர்' என்று பேர் வைத்தார்களாம். ஊரில் இன்றும் அந்தப் பெயர் வழங்குகிறது.

ஊலாங் மட்டும்தான் தைவான் என்றும் இல்லை. ஜப்பானியர் ஆட்சியில் அசாம் ரகம் நட்ட சூரிய-சந்திர ஏரிப் பக்கத்தில் கறுப்புத் தேயிலையும் விளைகிறது. பர்மா ரகத்தையும் தைவானின் காட்டுத் தேயிலையையும் இனக்கலப்புச் செய்து உருவாக்கி, 1999-இல் வெளியிட்ட 18-ஆம் எண் ரகத்துக்கு 'ரூபி' என்று பெயர். குடித்தால் பட்டையும் புதினாவும் சேர்ந்த வாசம். யாரும் எதையும் கலப்பதில்லை, இலையே அப்படித்தான்.

உருட்டிய ஊலாங்கைப் பாலும் சர்க்கரையும் போட்டுக் கொதிக்க வைத்தால் இந்த மணமெல்லாம் போய்விடும். கொதித்த நீரை ஊற்றி, சிறிது நேரத்தில் வடித்துவிட்டு, அதே இலைக்கு மறுபடி ஊற்றலாம். ஐந்தாறு முறை தாங்கும். இலை விரியும் இரண்டாம், மூன்றாம் தடவைதான் எனக்குப் பிடித்தது.

அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தமாவது போடுங்கள். இடம் இருந்தால் அந்தப் பெய்புத் தேநீரின் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
சிஞ்சு, தைவான்